முதலாளி இல்லாத இட்லிக்கூடம்: மும்பையில் தொழிலாளர் கூட்டுறவு கட்டும் வழி

தாராவியில் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கேட்டால் கைக்கு வருவது 8,500. பிடித்தம் 1,500 முதலிலேயே போய்விடும். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள். "ஆயிரத்தைந்நூறுதானே போச்சு" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. 8,500 ரூபாய் முழுசாக ஒரு வாரம்கூட உங்களிடம் இருப்பதில்லை. குறைந்துகொண்டே போகும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம்.

முதலாளித்துவத்துக்கு மாற்று என்ன என்று பேச உட்காரும்போது இந்த 120 சதவீதத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது. சுரண்டல் என்ற சொல்லை மேடையில் கேட்டுக்கேட்டுக் காது மரத்துப்போனவர்களுக்கும் இந்தக் கணக்கு உறைக்கும். இந்த வழிகாட்டி ஒரே ஒரு மாற்றைப் பற்றியது: வேலை செய்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. உதாரணத்துக்கு இட்லி. தாராவித் தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலையில் அவித்து மும்பை முழுக்க அனுப்பும் இட்லி எல்லோருக்கும் தெரிந்த தொழில். தையல், தோல், துப்புரவு, சமையல் ஒப்பந்தம் எதுவானாலும் முறை இதுவே, எண்கள்தான் மாறும்.

எந்த மாற்று, எதற்கு

சீட்டு, சுயஉதவிக் குழு (மும்பையில் 'பசத் கட்'), நுகர்வோர் கூட்டுறவு, தொழிலாளர் கூட்டுறவு: இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சீட்டு பணத்தைச் சுற்றவிடும், எதையும் சொந்தமாக்காது. பசத் கட் கடனின் விலையைக் குறைக்கும். நுகர்வோர் கூட்டுறவு வாங்கும் பொருளின் விலையைக் குறைக்கும். இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 1844 டிசம்பரில் திறந்த கடை அந்த வகை. சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதே வழியில் வந்தது. தொழிலாளர் கூட்டுறவில் மட்டும்தான் கருவி, வாக்கு, உபரி மூன்றும் உழைப்பவர் கைக்கு வருகின்றன.

மும்பைக்கு இது அந்நியமான யோசனை அல்ல. கிர்காவ் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்ததுதான் லிஜ்ஜத். அங்கே அப்பளம் இடுபவர் கூலிக்காரர் அல்ல, பங்குக்காரர். இந்தியன் காபி ஹவுஸும் அப்படித்தான். காபி வாரியம் கடைகளை மூட முடிவெடுத்தபோது வேலை இழந்த ஊழியர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் துணையோடு சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957-இல் பெங்களூரில். கேரளத்தில் 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் சங்கம் இன்று பாலமும் சாலையும் போடுகிறது.

எந்தத் திட்டத்தை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிரைண்டர் யார் பெயரில்? ஆளுக்கு எத்தனை வாக்கு? ஆண்டு முடிவில் மிஞ்சுவது எந்தக் கணக்கில் பிரியும்? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், பெயர்ப்பலகையில் 'கூட்டுறவு' என்று இருந்தாலும் உள்ளே ஒரு ஷேட், அதாவது முதலாளி, உட்கார்ந்திருக்கிறார்.

முதல் படி: 14 நாள் நோட்டு

யாரையும் சேர்க்குமுன், சங்கம் என்ற பேச்சை எடுக்குமுன், வேலை செய்யும் நான்கைந்து பேர் 14 நாள் எழுதட்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை இட்லி அவித்தார், கைக்கு என்ன வந்தது, கடனுக்கு என்ன போனது, கிரைண்டர் வாடகை, வாங்கிய அரிசியின் விலை, அந்த அரிசி மொத்த மண்டியில் என்ன விலை. பதினைந்தாம் நாள் உட்கார்ந்து கூட்டினால் காசு எங்கே கசிகிறது என்று தெரியும்.

சில சமயம் கசிவு முதலாளியிடம் இருக்காது. சில்லறைக் கடையில் உதாருக்கு (கடனுக்கு) வாங்கும் உளுந்திலும் தண்டலிலும்தான் பாதி போகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது பசத் கட்டும் கூட்டுக் கொள்முதலும். தொழிலாளர் கூட்டுறவு இல்லை. அதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். தேவையில்லாத சங்கம் தேவையான சங்கத்தைவிட வேகமாகச் சண்டை போடும்.

இரண்டாம் படி: ஆட்கள்

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1960, குறைந்தது 10 பேர் கேட்கிறது, அதுவும் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து. கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், திருமணமாகாத மகள் எல்லாம் ஒரே குடும்பம். இதைக் கவனிக்காமல் அத்தையும் மாமாவும் மகனுமாகப் பெயர் எழுதிக்கொண்டு போய்த் திரும்பி வருவது வாடிக்கை. 12 பேரோடு தொடங்குங்கள். நடுவில் இருவர் ஊருக்குப் போய்விட்டாலும் எண்ணிக்கை நிற்கும்.

தாராவியில் தமிழர்கள் ஊர் வாரியாக, சாதி வாரியாகத்தான் குடியமர்ந்திருக்கிறார்கள். அதனால் ஒரே தெருவில் 12 பேர் சேர்த்தால் பெரும்பாலும் ஒரே சாதிக்காரர்களாக இருப்பார்கள். நம்பிக்கைக்கு அது எளிது, சந்தைக்கும் நியாயத்துக்கும் குறுகல். இரண்டு தெருக்களிலிருந்து சேர்த்தால் இன்னொரு சிக்கல் வரும்: சாக்கடை கழுவுவதும் பாத்திரம் தேய்ப்பதும் எப்போதும் அதே இரண்டு பேர் தலையில் விழும். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, பழக்கம் செய்துவிடும். முதல் நாளிலேயே துப்புரவு முறையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தலைவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

கணவன்மார் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பது அடுத்த தொல்லை. "அண்ணே, நீங்க உறுப்பினரா? இல்லேன்னா வெளிய டீ குடிச்சிட்டு இருங்க, முடிஞ்சதும் அக்கா வந்துருவாங்க" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் போச்சு. மூன்றாம் கூட்டத்தில் சொன்னால் சண்டையாகும்.

மூன்றாம் படி: ஆறு மாதச் சேமிப்பு

பதிவு அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் ஆறு மாதம் பசத் கட்டாக நடத்துங்கள். மும்பையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. பைகுல்லா நடைபாதையில் வசித்த பெண்கள் 1986-இல் தொடங்கிய மகிளா மிலன் தினச் சேமிப்பில்தான் வேர் பிடித்தது. அதோடு கைகோத்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நடத்திய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். தினச் சேமிப்பின் பயன் தொகையில் இல்லை. தினமும் ஒருவர் வீடுவீடாகப் போய் வாங்கும்போது யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் வேலை போச்சு என்று குழுவுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆளுக்குத் தினம் 20 ரூபாய், 12 பேர், 180 நாள்: 43,200 ரூபாய். இதிலிருந்து உறுப்பினருக்கு மாதம் 2 சதவீதத்தில் கடன். முதலில் பார்த்த அதே 8,500 ரூபாயை அதே 100 நாளில் குழுவுக்குத் திருப்பினால் வட்டி 300 ரூபாய்க்குள் முடியும், அதுவும் குழுவின் பெட்டிக்கே வரும்.

பெட்டிக்கு இரண்டு பூட்டு. பெட்டி ஒரு வீட்டில், சாவிகள் வேறு இரண்டு வீடுகளில். வாரம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் எண்ணி, தொகையை உரக்கச் சொல்லி, 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் வங்கியில் போடுங்கள். ஆறு மாதம் ஒழுங்காகக் கூடிச் சேமித்துக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கணக்கெழுதிய குழுவுக்கு வங்கி கடன் தர முடியும். சுயஉதவிக் குழுக் கடனில் 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளை மேலாளர் நகை கேட்டால் இந்த விதியை நிதானமாக நினைவூட்டுங்கள்.

ஆறு மாதத்தில் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். நல்லது. கிரைண்டர் வாங்கியபின் நிற்பதைவிட இப்போது நிற்பது மலிவு. அவர்கள் இடத்தில் வேறு இருவரைச் சேர்த்து மறுபடி 12 ஆக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இட்லிக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் தெரு விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகள் ஏறக்குறைய நிற்கும்.

ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து; அவித்தால் சுமார் 60 இட்லி. தினம் 3,000 இட்லிக்கு 50 கிலோ அரிசி, பன்னிரண்டரை கிலோ உளுந்து. 10 லிட்டர் சாய்ப்பு கிரைண்டரில் அரிசி ஈடுக்கு 5 கிலோ, உளுந்து பொங்கும் என்பதால் இரண்டரை கிலோதான். மொத்தம் 15 ஈடு. ஈடுக்கு 40 நிமிடம் என்றால் இரண்டு கிரைண்டருக்கும் ஐந்து மணி நேர வேலை. ஈடுக்கு 100 இட்லி வேகும் கொப்பரை இரண்டு இருந்தால் 15 சுற்று, சுற்றுக்கு 15 நிமிடம். ஆறு மணிக்கு டப்பா சைக்கிளில் ஏற வேண்டுமானால் இரண்டு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும்.

மாவு பருவத்துக்கேற்ப மாறும். மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும். ஜனவரி இரவில் பத்து மணி நேரம் போனாலும் சோம்பும். ஆட்டும் நேரத்தைக் காலண்டரோடு மாற்றாத கூடத்தில் மே மாதம் புளித்த இட்லி, ஜனவரியில் கல். கோடையில் உப்பைக் கடைசியில் போட்டுக் கலக்குவது கொஞ்சம் நிதானம் தரும். தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்க 500 லிட்டர் டிரம் வேண்டும்.

இனி ஒரு நாள் காசு. வரி போக இட்லிக்கு 5 ரூபாய், சட்னி சாம்பாரோடு. 3,000 இட்லிக்கு வரவு 15,000. செலவு:

அரிசி 2,400
உளுந்து 1,625
தேங்காய், பருப்பு, காய், எண்ணெய், மசாலா 2,200
கேஸ், 19 கிலோ சிலிண்டரில் பாதி 850
மின்சாரம் 250
தண்ணீர் 150
அறை வாடகை, ஒரு நாள் பங்கு 770
கொண்டுபோகும் செலவு 600
இலை, தாள், பை 350
பழுது, பாத்திரம் மாற்றுவது, சில்லறை 300
12 பேருக்குக் கூலி, தலா 400: 4,800

மொத்தம் 14,295. மிச்சம் 705. மாதம் 26 நாளைக்கு 18,330. பரவாயில்லையே என்று தோன்றும் இடத்தில்தான் சறுக்கும். 3,000 இட்லியில் நூற்றுக்கு மூன்று விற்காமல் திரும்பினால் 90 இட்லி, 450 ரூபாய். 705 சுருங்கி 255 ஆகிவிடும். மழை நாளில் 90 எல்லாம் சாதாரணம். ஆகவே லாபம் கிரைண்டரில் இல்லை, ஊறப்போடுமுன் எடுக்கும் ஆர்டரில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் விற்பனைக்காரர் ஒவ்வொருவரும் நாளை மறுநாளைக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்; ஊறவும் ஆட்டவும் பொங்கவும் நடுவில் ஒரு முழு நாள் போய்விடும். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஊறப்போடக் கூடாது.

இன்னொரு குழி ஜிஎஸ்டி. தினம் 15,000 என்றால் 312 நாளில் 46.8 லட்சம், பதிவு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். வரியை விலையில் சேர்க்க மறந்து, அது 5 சதவீதம் என்றே வைத்தாலும் தினம் 750 ரூபாய், உங்கள் 705-ஐ முழுக்கத் தின்றுவிட்டு இன்னும் கேட்கும். உங்கள் விற்பனை எந்த வகையில் வரும் என்று முதல் நாளுக்கு முன்பே வரி ஆலோசகரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் எங்கிருந்து

அறை டெபாசிட் 60,000, இரண்டு கிரைண்டர் 60,000, கொப்பரை அடுப்பு தட்டு 35,000, டிரம் பாத்திரம் 15,000, முதல் வாரச் சரக்கு 37,000. ஆக 2,07,000. பங்கு ஆளுக்கு 5,000 என்றால் 60,000. சேமிப்பு 43,200. பாக்கி சுமார் 1,05,000-ஐ வங்கிக் கடனாக எடுக்கலாம்; 12 சதவீதத்தில் 36 மாதத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 3,490.

பங்குத் தொகையை ஒரே தடவையில் கேட்காதீர்கள். கேட்டால் இருப்பவர்தான் உறுப்பினராவார், இல்லாதவர் மறுபடி கூலிக்காரர். 1,000 முன்பணம், மீதி தினக் கூலியில் 20 ரூபாயாக 200 நாளில் பிடிக்கலாம். அந்த 200 நாள் வரை பணம் குறையுமே என்றால், ஆமாம், குறையும். சேமிப்பை இன்னும் நான்கு மாதம் நீட்டுங்கள், அல்லது முதலில் ஒரு கிரைண்டரும் 1,500 இட்லியும்.

கணக்கில் இன்னும் வராதது கேன்டீன் உதார். ஒரு அலுவலகக் கேன்டீன் தினம் 1,000 இட்லி எடுத்து மாதம் கழித்துப் பணம் தந்தால் 1,30,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். பங்கும் சேமிப்பும் கூட்டினாலும் அவ்வளவு இல்லை. பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் மூடிப்போன கூடங்கள் ஏராளம். விதி: உதார் எந்த நாளிலும் மூன்று நாள் விற்பனையைத் தாண்டக் கூடாது, அதாவது 45,000. கேன்டீனுக்கு வாரம் ஒருமுறை பில். ஒத்துவராவிட்டால் அந்த ஆர்டர் வேண்டாம்.

ஆறாம் படி: துணைவிதி

துணைவிதி என்பது சங்கம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் விதிகள். பதிவாளர் அலுவலகத்தில் அதன் மாதிரி கிடைக்கும். அதை அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எளிது, ஆனால் உங்கள் சங்கத்தின் உயிர் அதில் இருக்காது. சட்டமே தருபவை சில: பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு, யாரும் பங்கு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒருவரை நீக்க, கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். நீங்கள் சேர்க்க வேண்டியவை வேறு.

90 நாள் வேலை செய்தவருக்கு உறுப்பினராக விண்ணப்பிக்கும் உரிமை. வேலை செய்யாதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது. நோய், பேறுகாலம் விதிவிலக்கு. கூலிக்கு வைக்கும் வெளியாட்கள் பத்தில் ஒருவருக்கு மேல் போகக் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கவும் கூடாது. இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் பத்து ஆண்டில் 12 பெண்களும் 12 சின்ன முதலாளிகள் ஆகி, அவர்களுக்குக் கீழே 40 பேர் மாவாட்டிக்கொண்டிருப்பார்கள். கூட்டுறவுகள் மெல்ல முதலாளி நிறுவனமாக மாறுவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

கூலி வித்தியாசத்துக்கும் உச்சவரம்பு எழுதுங்கள். ஸ்பெயினின் மோந்த்ராகோன் கூட்டுறவுகள், 1956-இல் தொடங்கியவை, மேலாளருக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் இடையே பெரும்பாலும் 6 மடங்குக்குள் நிறுத்தப் பார்க்கின்றன. 12 பேர் கூடத்தில் ஒன்றரை மடங்கே தாராளம். இரவு இரண்டு மணி அடுப்புக்காரருக்குத்தான் அந்த அதிகம் போக வேண்டும், கணக்கெழுதுபவருக்கு அல்ல. இதில் பலர் மாறுபடுவார்கள். புகையில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் வாங்குபவரும் கணக்கெழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பொறுப்புகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுழலட்டும். கணக்குத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது உண்மையாக இருக்கும். அப்படியானால் அவருடைய வேலையில் பாதி, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது.

ஏழாம் படி: பதிவு

எல்லோரும் கூடி ஒருவரை சீஃப் ப்ரமோட்டராக, அதாவது பதிவு முடியும்வரை எல்லோர் சார்பிலும் பேசுபவராக, தேர்ந்து தீர்மானம் எழுதுங்கள். வார்டுக்குரிய துணைப் பதிவாளரிடம் பெயர் ஒதுக்கக் கேட்டு, ஒப்புதலோடு வங்கியில் கணக்குத் திறந்து பங்குத் தொகையைப் போட்டு, விண்ணப்பத்தோடு துணைவிதி நான்கு பிரதி கொடுக்க வேண்டும். தாராவி ஜி நார்த் வார்டு. பதிவாளர் இரண்டு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் காகிதம் திரும்பிவரும். பெயரின் எழுத்து ஆதார், பான், ரேஷன் கார்டில் மூன்று விதமாக இருப்பதுதான் முதல் காரணம். முத்துலட்சுமி ஒன்றில் முத்துலக்ஷ்மி, இன்னொன்றில் வெறும் லக்ஷ்மி. அப்பா பெயர் நடுவில் வந்து நிற்கும். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே 12 பேரின் காகிதங்களையும் பரப்பி வைத்து ஒப்பிடுங்கள்.

அலுவலக வேலை மராட்டியில் நடக்கும். நடவடிக்கைப் புத்தகத்தைத் தமிழில் பேசி, தமிழில் படித்துக் காட்டி, பக்கத்தில் மராட்டியில் எழுதுங்கள். யாருக்கும் புரியாத மொழியில் போட்ட கையெழுத்துதான் பிற்பாடு "எனக்குத் தெரியாது, என்கிட்ட கேக்கவே இல்ல" என்று வெடிக்கும். மராட்டி தெரிந்த உறுப்பினர் இல்லையென்றால் பிள்ளைகள் யாராவது பள்ளியில் படித்திருப்பார்கள். எழுதுவதற்கு அவர்களுக்குக் கூட்டத்துக்கு 100 ரூபாய் கொடுங்கள், இலவசமாக வாங்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் பதிவோ உரிமமோ வேண்டும். எது என்பது ஆண்டு விற்பனையைப் பொறுத்தது, விண்ணப்பிக்கும் நாளின் வரம்பைப் பாருங்கள். வீட்டு சிலிண்டரைக் கூடத்தில் வைக்காதீர்கள். அறைக்கு 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகை) ஒப்பந்தம் தனி ஒருவர் பெயரில் வேண்டாம், சங்கத்தின் பெயரில் போடுங்கள். தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 2022-இல் அதானி குழுமம் வென்றபின் எந்தச் சந்து எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாத நிலை. அதனால் தரையில் சிமென்ட் பூசிப் பதிக்கும் மேடை, பெரிய கட்டுமானம் எதிலும் காசைக் கொட்டாதீர்கள். நான்கு பேர் தூக்கி டெம்போவில் ஏற்றக்கூடிய சாமான்தான் உங்கள் சொத்து.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஒரு தலைவர் தானாக முன்வருவார். வேண்டாம். சுவரில் ஒருவர் படம் ஏறினால் இன்னொருவரின் ஆட்கள் இட்லி வாங்க மாட்டார்கள்.

எட்டாம் படி: உபரி

முதல் ஆண்டு முடிவு. தினம் 255 வீதம் 312 நாள்: 79,560. வங்கி வட்டி சுமார் 11,000 போக 68,560. வருமான வரிக் கேள்வியைத் தணிக்கையாளரிடம் விட்டுவிட்டு மேலே போவோம். சட்டப்படி நிகர லாபத்தில் கால் பங்கு, 17,140, காப்பு நிதிக்கு. மருத்துவ உதவிக்கு 10,000 ஒதுக்குங்கள். பங்குக்கு ஈவுத்தொகை 15 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கும். முதல் ஆண்டு பூஜ்யம் என்று வையுங்கள், ஏனென்றால் இங்கே பணம் பேசக் கூடாது, உழைப்பு பேச வேண்டும். மீதி 41,420 வேலை நாள் கணக்கில் பிரியும். 12 பேரும் சேர்ந்து 3,500 நாள் வேலை செய்திருந்தால் நாளுக்கு 11 ரூபாய் 83 காசு. 300 நாள் வந்தவருக்கு 3,550. பட்டுப்புடவைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டு வருவது பணமாக இல்லை: தண்டலிலிருந்து விடுதலை, காய்ச்சலுக்கு லீவு, யாரும் துரத்த முடியாத வேலை.

இன்னும் ஒரு முடிச்சு. அந்த 41,420 நோட்டில் இருக்கும், கையில் இருக்காது. ஆண்டில் வங்கிக்கு அசலாக மட்டும் சுமார் 31,000 கட்டியிருக்கிறீர்கள். அது செலவுக் கணக்கில் வராது, ஆனால் பெட்டியிலிருந்து போயிருக்கிறது. 68,560-இல் 31,000, காப்பு நிதி, மருத்துவம் மூன்றையும் கழித்தால் ரொக்கம் 10,420. லாபம் வந்ததே, பணம் எங்கே என்ற கேள்வியில் சங்கம் உடைவது இந்த இடத்தில்தான். யாரும் திருடாமலேயே திருட்டுப் பட்டம் வந்துவிடும். மோந்த்ராகோன் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொரு உறுப்பினருக்கும் உள்கணக்கு. துணைவிதியில் இடம் வைத்துக்கொண்டு, கால் பங்கை, 10,355-ஐ, ரொக்கமாகக் கொடுங்கள். முக்கால் பங்கை அவரவர் பாஸ்புக்கில் எழுதுங்கள். 300 நாள் வந்தவருக்குக் கையில் 887, பாஸ்புக்கில் 2,663. கடன் அடைந்தபின் பழைய ஆண்டிலிருந்து வரிசையாகத் திருப்பலாம்.

கணக்குத் தணிக்கை நான்கு மாதத்துக்குள், ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள். தேதி தவறினால் நிர்வாகக் குழுவே தகுதி இழக்கும் நிலை வரலாம்.

எப்படிச் சாகிறது

குர்லாவில் 1985-இல் மூடிய கமானி ட்யூப்ஸ் ஆலையை 1988-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர் கூட்டுறவு ஏற்று நடத்தியது. நாடே பார்த்த முயற்சி. உற்பத்தி மீண்டது, ஆனால் 90-களில் அது நொடித்துப்போனது. மோந்த்ராகோனின் பெரிய வீட்டுச் சாதன நிறுவனமான ஃபகோர் 2013-இல் திவாலானது. உறுப்பினர்களே உரிமையாளர் என்பதால் சந்தை ஒன்றும் கருணை காட்டாது. ஃபகோர் விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு: வேலை இழந்த உறுப்பினர்களில் பலரைச் சகோதரக் கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன. தனியாக நிற்கும் ஒரு சங்கத்துக்கு அந்த மெத்தை இல்லை. மாட்டுங்காவிலோ ஆண்டாப்ஹில்லிலோ இன்னொரு குழு உருவானால் அரிசியைச் சேர்ந்து வாங்குங்கள், ஒரு கிரைண்டர் நின்றால் மற்றவர் கூடத்தில் ஆட்டுங்கள், ஆளுக்கு மாதம் 10 ரூபாய் பொது நிதியில் போடுங்கள்.

சின்னக் கூடங்களில் சாவு அமைதியாக வரும். முதல் அறிகுறி கூட்டத்துக்கு ஏழு பேர் வருவது. இரண்டாவது, அன்றைய கணக்கு மறுநாள் எழுதப்படுவது. மூன்றாவது, "அக்கா பாத்துப்பாங்க" என்ற வார்த்தை. அடுப்படியில் ஒரு கரும்பலகை மாட்டி, தினம் காலை பத்து மணிக்கு நான்கே எண் எழுதுங்கள்: அவித்தது, விற்றது, திரும்பியது, வெளியே நிற்கும் உதார். படிக்கத் தெரியாதவருக்கும் நான்கு எண் பழகிவிடும். பலகை காலியாக இருக்கும் நாளில் யார் வேண்டுமானாலும் அவசரக் கூட்டம் கேட்கலாம் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள்.

விலகுபவருக்கு

திருநெல்வேலிக்கே போகிறேன், இனி திரும்ப மாட்டேன் என்று ஒருவர் சொல்லும் நாள் வரும். பங்கு 5,000, பாஸ்புக்கில் இருப்பது, பிடித்தம் ஏதாவது இருந்தால் அது கழித்து, ஒரே தாளில் எழுதி அவரிடம் படித்துக் காட்டுங்கள். சங்கத்திடம் ரொக்கம் இல்லாவிட்டால் ஆறு மாதத் தவணைக்கு மேல் போகாதீர்கள். அவர் பங்கை இன்னொரு உறுப்பினர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் விடாதீர்கள். புதிதாக 90 நாள் முடித்தவருக்குத்தான் அந்த இடம். கடைசித் தவணை பணவிடையாகப் போகும் அன்று ரசீதின் நகலை அவருடைய பாஸ்புக்குக்குள் ஒட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.